ஆர்ல்ஸ் - ஒரு அச்சாரக் காசின் கதை

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கும் கான்ட்ராக்ட் எடுப்பவர்களுக்கும் ஈ.எம்.டி. என்பது ரொம்பப் பழகிய பெயர். டெண்டர் போடும்போது கூடவே கட்ட வேண்டிய 'எர்னஸ்ட் மணி டெபாசிட்'. சர்வீசில் சேர்ந்ததிலிருந்து இதற்காக எத்தனை டி.டி.க்களில் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. 'எர்னஸ்ட்' என்றால் ஆங்கிலத்தில் சிரத்தையான, மனப்பூர்வமான என்று அர்த்தம். "நான் விளையாட்டுக்கு வரவில்லை, நிஜமாகவே வேலையை எடுக்க வந்திருக்கிறேன்" என்று காட்டுகிற பணம். பொருத்தமான பெயர்தானே?

பொருத்தம்தான். ஆனால் சொற்களின் ஜாதகம் எழுதுகிறவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். ஈ.எம்.டி.யில் இருக்கும் 'எர்னஸ்ட்'டும், மனப்பூர்வம் என்ற 'எர்னஸ்ட்'டும் பிறப்பால் உறவே இல்லாத இரண்டு சொற்கள். பின்னது ஜெர்மானிய வம்சம். முன்னது லத்தீன் வம்சம், பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தது. அதன் பழைய வடிவம் 'எர்னஸ்'. கடைசியில் 'ட்' கிடையாது. காசு கொடுப்பவன் சிரத்தையாகத்தான் கொடுப்பான் என்று ஜனங்கள் எண்ணியதில் அந்த 'ட்' வந்து ஒட்டிக்கொண்டது. ஒரே காம்பவுண்டில் பல வருஷம் குடியிருந்த இரண்டு குடும்பங்களை ஊரே சொந்தக்காரர்கள் என்று நம்பிவிட்ட மாதிரி.

இந்தப் பண எர்னஸ்ட்டுக்கு நிஜமான உடன்பிறப்பு ஒன்று உண்டு. லண்டன்காரர்களிடம் கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் மட்டும் புழங்கிய வட்டார வழக்கு. அந்தச் சொல்தான் 'ஆர்ல்ஸ்'.

இது போன்ற சொற்களைக் காப்பாற்றி வைத்தவர் ஜோசப் ரைட். 1855இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். ஆறு வயதில் கழுதை வண்டிப் பையன், பிறகு சால்ட்டேர் என்ற ஊரில் நூற்பாலை வேலை. பதினைந்து வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாது. அதே மனிதர் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பியல் மொழியியல் பேராசிரியர் ஆனார். 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியைக் கொண்டுவந்தார். படித்தவர்கள் 'கொச்சை' என்று ஒதுக்கிய பேச்சையெல்லாம், அந்தப் பேச்சிலேயே வளர்ந்த ஒருவர் மரியாதையோடு எழுதி வைத்த புத்தகம்.

ஆர்ல்ஸ் என்றால் என்ன? பேரம் முடிந்தது என்பதற்கு அடையாளமாகக் கையில் வைக்கும் சிறு காசு. மாடு, குதிரை வாங்கும்போது கொடுப்பது, எல்லாவற்றையும் விட முக்கியமாக ஒரு ஆளை வேலைக்கு அமர்த்தும்போது கொடுப்பது. 'ஆர்ல்ஸ் பென்னி' என்றும் சொல்வார்கள். வினைச்சொல்லாகவும் வரும்: ஒருவனை 'ஆர்ல்' பண்ணிவிட்டால் அவன் உங்கள் ஆள். இதே காசுக்கு யார்க்‌ஷயரில் 'ஃபெஸ்ட்', 'ஃபாஸ்னிங் பென்னி' என்றும் பெயர் உண்டு. அதாவது கட்டிப்போடும் காசு. 'காட்ஸ் பென்னி', கடவுளின் காசு, என்பது இன்னொரு பெயர். நம் பாஷையில் சொன்னால், அச்சாரம்!

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

ஆர்ல்ஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில எழுத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின படி பிரெஞ்சு. அதற்கும் முன்னால் லத்தீனில் 'அர்ரா'. அதைச் செல்லமாகச் சுருக்கினால் 'அர்ருலா', குட்டி அச்சாரம். அதிலிருந்து ஆர்ல்ஸ் வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. அர்ரா என்பதே 'அர்ரபோ' என்ற நீளமான சொல்லின் சுருக்கம். அது கிரேக்க 'அர்ரபோன்' தந்தது. கிரேக்கர்கள் அதைக் கடல் வணிகம் செய்த செமித்திய மொழிக்காரர்களிடமிருந்து வாங்கினார்கள். எபிரேய மொழியில் 'எரவோன்' என்றால் அடகு, பிணை. விவிலியத்தின் ஆதியாகமத்தில் யூதா என்பவர் தாமார் என்ற பெண்ணிடம் முத்திரை, கயிறு, கைத்தடி மூன்றையும் பிணையாகக் கொடுக்கிறாரே, அங்கே வருவது இந்தச் சொல்தான்.

ஆக, யார்க்‌ஷயர் குடியானவன் உள்ளங்கையில் விழுந்த காசின் பெயர் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையிலிருந்து கிளம்பியது. வழியெல்லாம் குட்டி போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. இன்றைக்கும் பிரெஞ்சில் முன்பணத்துக்கு 'ஆர்'. இத்தாலியில் 'கப்பார்ரா'. ஸ்பெயின், மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் கல்யாணங்களில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் 13 நாணயங்களுக்கு 'அர்ராஸ்'. நவீன கிரேக்கத்தில் 'அர்ரவோனாஸ்' என்றால் நிச்சயதார்த்தம்! இஸ்லாமிய வங்கித் துறையில் இருப்பவர்களுக்கு 'உர்பூன்' என்ற முன்பண ஏற்பாடு தெரிந்திருக்கும். அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளை.

லத்தீனில் இந்தச் சொல் சுருங்கியதை வைத்து அந்தக் காலத்திலேயே கிண்டல் நடந்திருக்கிறது. ரோம நாடக ஆசிரியர் ப்ளாட்டஸ், இன்றைக்குச் சுமார் 2,200 வருஷம் முந்தையவர். அவருடைய 'ட்ருகுலென்டஸ்' நாடகத்தில் ஒரு முரட்டு வேலைக்காரன் 'அர்ரபோ' என்பதை 'ரபோ' என்கிறான். முதல் எழுத்து எங்கே என்று கேட்டால், அது தனக்கு லாபம் என்கிறான். அச்சாரத்தில்கூடக் கமிஷன் அடிக்கிற ஆள் :-) பக்கத்து ஊர்க்காரர்கள் சொற்களைக் கடித்துத் துப்புவதையும் சேர்த்துக் கேலி செய்கிறான். வட்டார வழக்கைப் பார்த்துச் சிரிப்பது அவ்வளவு பழைய பழக்கம்.

நிற்க. சொல் ஒன்றுதான், ஆனால் அது செய்த வேலை ஒன்றல்ல. அச்சாரக் காசு கதவைப் பூட்டுகிறதா, அல்லது வெளியே போக ஒரு வழியைத் திறந்து வைக்கிறதா? இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் இரண்டு விதமான பதில் உண்டு.

ஒன்று ரோம வழி. ஜஸ்டினியன் பேரரசர் 528இல் போட்ட சட்டத்தின்படி, வாங்குகிறவன் பின்வாங்கினால் அச்சாரம் போச்சு. விற்கிறவன் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். 1804இன் பிரெஞ்சு சிவில் சட்டம் 1590ஆம் பிரிவில் அதையே வைத்துக்கொண்டது. அங்கே அச்சாரம் என்பது மனம் மாறுவதற்கான விலை. இவ்வளவு போனால் போகட்டும் என்று முடிவு செய்தால் நீங்கள் சுதந்திர மனிதர்.

மற்றது இங்கிலாந்து வழி. முதலாம் எட்வர்ட் 1303இல் வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் கொடுத்த சாசனம், கடவுளின் காசு கை மாறிவிட்டால் இருவரில் யாரும் பேரத்திலிருந்து விலக முடியாது என்றது. அந்தக் காசு கோயிலுக்கோ ஏழைகளுக்கோ போவது பழைய வழக்கம், அதனால்தான் அந்தப் பெயர். விலையோடு ஒப்பிட்டால் தூசு. ஆனால் சாட்சி கடவுள். 1677இல் வந்த மோசடித் தடுப்புச் சட்டமும், பத்து பவுண்டும் அதற்கு மேலும் மதிப்புள்ள சரக்கு பேரம் செல்லுபடியாவதற்கான வழிகளில் ஒன்றாக, 'பேரத்தைக் கட்டுவதற்கு' ஏதாவது அச்சாரம் கொடுப்பதைச் சொன்னது. இங்கே அச்சாரம் ஒரு பூட்டு.

சரக்கு விஷயத்தில் இரண்டில் எதுவானாலும் பெரிய நஷ்டமில்லை. சரக்கு மனிதனாக இருந்தால்?

வட இங்கிலாந்தில் பண்ணையாட்களுக்கு ஆள் பிடிக்கும் சந்தைகள் நடந்தன. யார்க்‌ஷயரின் கிழக்குப் பகுதியில் நவம்பர் மாதம் மார்ட்டின்மஸ் பண்டிகையை ஒட்டி, ஒரு வருஷத்துக்கு. இன்னும் வடக்கே ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பையன்களும் பெண்களும் கடைத்தெருவில் வரிசையாக நிற்பார்கள். ஆட்டுக்காரன் தொப்பியில் கம்பளி, வண்டிக்காரன் சட்டையில் சாட்டைக் கயிறு. கம்பர்லாந்துப் பக்கம் வாயில் ஒரு வைக்கோல் துரும்பு, 'இன்னும் ஆள் அமரவில்லை' என்பதற்கு. பண்ணைக்காரர் வந்து பார்த்து, கூலி பேசி, ஒரு ஷில்லிங்கோ கொஞ்சம் கூடவோ கையில் வைப்பார். எழுத்து இல்லை, ஸ்டாம்ப் பேப்பர் இல்லை. காசு விழுந்தது, கதை முடிந்தது. யார்க்‌ஷயரின் அந்தப் பகுதியில் இது 1930கள் வரைக்கும்கூட இருந்திருக்கிறது.

ஒரு நல்ல அம்சமும் உண்டு. வேலைக்குப் போகும் முன் மனம் மாறினால் காசைத் திருப்பி அனுப்பிவிட்டு விலகிக்கொள்ளலாம் என்ற வழக்கம் பல இடங்களில் இருந்தது. ஆனால் வேலைக்குப் போய்விட்டால் அந்தக் கதவும் மூடிக்கொள்ளும். வருஷக் கூலியின் பெரும்பகுதி கடைசியில்தான் கைக்கு வரும். நடுவில் ஓடினால் செய்த வேலைக்கும் கூலி கிடையாது. அது மட்டுமல்ல, 1823இன் எஜமான் - வேலைக்காரன் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறிய வேலைக்காரனுக்கு மூன்று மாதம்வரை கடுங்காவல். எஜமான் மீறினால்? சிவில் வழக்கு! இந்த அநியாயம் 1875 வரை நீடித்தது.

இதையும் விடக் கொடுமையானது ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் நடந்தது. 1606இல் அங்கே வந்த சட்டம், சுரங்கத் தொழிலாளி முதலாளியின் அனுமதி இல்லாமல் வேறு இடம் போக முடியாதபடி செய்தது. நாளடைவில் சுரங்கமும் ஆட்களும் சேர்ந்தே கைமாறினார்கள். அங்கே ஒரு வழக்கம். தொழிலாளிக்குக் குழந்தை பிறந்து ஞானஸ்நானம் நடக்கும்போது முதலாளி ஒரு பரிசு கொடுப்பார். அதற்குப் பெயர் ஆர்ல்ஸ். அப்பன் அதை வாங்கிக்கொண்டால் குழந்தை ஆயுள் முழுக்க அந்தச் சுரங்கத்துக்குச் சொந்தம். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு அச்சாரம்! 1775, 1799 என்று இரண்டு சட்டங்கள் தேவைப்பட்டன, இந்தக் கட்டை முழுதாக அவிழ்க்க.

பக்கத்தில் டர்ஹாம், நார்தம்பர்லாந்து சுரங்கங்களில் கட்டு ஆயுளுக்கு அல்ல, வருஷத்துக்கு. ஒவ்வொரு வருஷமும் பத்திரத்தில் கைநாட்டு வைத்து அச்சாரம் வாங்க வேண்டும். வழக்கமாக அது ஆறு பென்ஸ், ஒரு ஷில்லிங் என்ற அளவுதான். ஆள் பஞ்சம் வந்த 1804இல் மட்டும் அது பத்து கினிக்கும் மேலே போனது. ஒரே பெயர், ஒரே காசு. ஆள் கிடைக்காதபோது தொழிலாளி பேரம் பேசுகிறான், ஆள் மலிந்தபோது காசு அவனைக் கட்டுகிறது. டர்ஹாமில் இந்த வருஷப் பத்திரம் 1872இல் ஒழிந்தது.

"வெள்ளைக்காரன் ஊர்க் கதை நமக்கெதற்கு?" என்று கேட்கலாம். அவர்கள் நம் ஊருக்கு வந்தபோது சட்டத்தையும் மூட்டை கட்டிக்கொண்டல்லவா வந்தார்கள்! 1859இல் இந்தியாவில் 13ஆம் சட்டம் என்று ஒன்று வந்தது. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத தொழிலாளி, ஒன்று பணத்தைத் திருப்ப வேண்டும், இல்லை வேலையை முடிக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மூன்று மாதம்வரை கடுங்காவல். இங்கிலாந்தில் 1875இல் போன வழக்கம் இங்கே 1926இல்தான் போனது. நடுவில் இருக்கும் ஐம்பது வருஷத்தில் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை நினைத்துப் பாருங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. ஆட்களின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு. அந்தத் தொகையைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் ஆட்கள் இடம் மாற முடியும். அது ஒழிக்கப்பட்டது 1921இல்.

சுதந்திரத்துக்குப் பிறகும் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் 'அட்வான்ஸ்' வாங்கிய குடும்பங்கள் வருஷக்கணக்கில் வெளியே வர முடியாமல் கிடந்ததால்தான் 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பொருள் விளக்கும் முதல் சொல் என்ன தெரியுமா? 'அட்வான்ஸ்'. ஆங்கில அகர வரிசைப்படி அது முன்னால் வருகிறது, அவ்வளவுதான். ஆனாலும் இதைவிடப் பொருத்தமாக ஆரம்பிக்க முடியாது.

இப்போது நம் சொல்லுக்கு வருவோம். அச்சாரம். 'சத்யங்காரம்' என்ற வடமொழிச் சொல் 'சஞ்சகாரம்' ஆகி, அது தேய்ந்து அச்சாரம் ஆனது என்கிறார்கள். சத்யங்காரம் என்றால் மெய்யாக்குவது. சொன்ன சொல்லை மெய்யாக்கும் பணம். என்ன அழகான பெயர்! யாக்ஞவல்கிய ஸ்மிருதி, சத்யங்காரமாகக் கொடுத்த பொருளை இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஜஸ்டினியன் சொன்ன அதே இரட்டிப்பு!

அர்ரபோனும் அச்சாரமும் வேரில் சொந்தமில்லை. ஆனால் ஓரிடத்தில் சந்தித்துக்கொண்டன. புனித பவுல் தன் கடிதங்களில் 'அர்ரபோன்' என்று எழுதிய இடத்தில், 1611இன் ஆங்கில விவிலியம் 'எர்னஸ்ட்' என்று போட்டது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் போட்ட சொல் 'அச்சாரம்'. வட இங்கிலாந்தில் ஆள் பிடித்த காசும், ஈ.எம்.டி.யும், நம் கிராமத்து மாட்டுச் சந்தைக் காசும் ஒரே வசனத்தின் மூன்று பக்கம் மாதிரி நிற்கின்றன.

வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்கு இந்தக் காசோடு அடிக்கடி வேலை வரும். ஹிந்திக்காரர்களிடம் 'பயானா', மராட்டியில் 'விசார்', குஜராத்தியில் 'பானாகத்' என்று பத்திரமே உண்டு. எல்லோரும் இப்போது பொதுவாகச் சொல்வது 'டோக்கன்'. ஃப்ளாட்டைப் பார்த்தவுடன் "இன்னும் ரெண்டு பார்ட்டி வெயிட்டிங் சார், ஒரு டோக்கன் போட்டுடுங்க" என்பார் புரோக்கர். போடும் முன் நினைவில் வைக்க வேண்டியவை:

முதலாவது, நம் நீதிமன்றங்கள் அச்சாரத்தைப் பூட்டாகத்தான் பார்க்கின்றன. 1926இல் பிரிவி கவுன்சிலும் 1969இல் உச்ச நீதிமன்றமும் சொன்னதன் சாரம்: பேரம் நடந்தால் அது விலையில் ஒரு பகுதி, வாங்குபவரின் தவறால் பேரம் முறிந்தால் விற்பவர் அதை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, எல்லா முன்பணமும் அச்சாரம் அல்ல. விலையின் ஒரு பகுதியாக மட்டும் கொடுத்த பணத்தை அப்படியே விழுங்க முடியாது. எனவே ரசீதில் என்ன வார்த்தை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். லோன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். வங்கியில் இருப்பவன் சொல்கிறேன், லோன் எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை.

மூன்றாவது, பில்டரிடம் வாங்குவதானால் 2016இன் ரெரா சட்டம் 13ஆம் பிரிவு: விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கக் கூடாது.

நான்காவது, நாம் கொடுக்கிற அட்வான்ஸ். வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்கோ காவல்காரருக்கோ ஆத்திர அவசரத்துக்கு ஐயாயிரம் கொடுத்துவிட்டு, "கணக்குத் தீரும்வரை வேறு வீட்டுக்குப் போகாதே" என்று சொல்கிறவர்களை நம் குடியிருப்புகளிலேயே பார்க்கிறோம். கொடுத்தது உதவி. அதை ஆர்ல்ஸ் ஆக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

ஆர்ல்ஸ் இன்று வழக்கொழிந்த சொல். அது போனதில் எனக்கு வருத்தமில்லை, அதைப் பிடித்து அகராதியில் போட்டு வைத்த முன்னாள் கழுதை வண்டிப் பையனுக்கு நன்றிதான் தோன்றுகிறது. சொல் பத்திரமாக இருந்தால்தான் அது என்ன செய்தது என்பதும் ஞாபகம் இருக்கும். நம் பக்கத்திலும் மாட்டுத் தரகு, நெல் வியாபாரம், தறி, உப்பளம் என்று ஒவ்வொரு தொழிலிலும் அச்சாரத்துக்குத் தனித்தனிப் பெயர்கள் இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காசின் பெயரை மட்டும் கேட்டு நிறுத்தாமல், வாங்கினவன் மனம் மாறினால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். கேட்டதை எனக்கும் எழுதுங்கள்.